வால் பிளந்த பறவை

இதை எழுத உட்கார்ந்து எத்தனை முறை எழுந்து போயிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் சுழி போடுவேன். உடனே அடுப்பில் பருப்பு வேகிறது என்று எழுந்து போய்விடுவேன். பருப்பு வேகாத நாளிலும் எழுந்து போயிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இது சாமி காரியத்தில் போய் முடிகிற விஷயம். காலையில் விளக்கேற்றாமல் காப்பி குடிக்காதவள் நான். கும்பாபிஷேகத்தைப் பற்றி ஏடாகூடமாக எதையாவது எழுதி, போகிற காலத்தில் பாவத்தைச் சேர்ப்பானேன் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதாமல் இருப்பதுதான் பாவம் என்று தோன்றிவிட்டது. முருகன் மன்னிக்கட்டும். அவனும் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். நடந்தது அவனுக்குத் தெரியும்.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. "பறவ பேரச் சரியாச் சொல்லு கண்ணு, அது போதும். என்ற பேரு எதுக்கு?" என்பார். நான் அவரை மேல்வீட்டு அக்கா என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

கல்கத்தாவில் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தேயிலைக் கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தா வேலை. மொட்டை மாடியை ஒட்டிய மேல்வீட்டில் அக்கா. கோயம்புத்தூர்க்காரர், பாங்கில் அதிகாரியாக மாற்றலாகி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பதற்காகப் பல முறை மாடியேறி, ஒவ்வொரு முறையும் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறேன். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

பாங்கில் அவருக்குக் கையெழுத்துப் பார்க்கிற வேலை. செக்கில் இருப்பதும் பாங்கில் கொடுத்துவைத்திருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒரு சுழி மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். அதற்காக ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணாடி அவர் கையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் படியேறி ஓடிப்போய், "யக்கா, விஷயம் தெரியுமா? எதிர்வீட்டுப் பொண்ணு ராத்திரியே ஓடிப்போயிட்டாளாம்" என்றேன்.

"பாத்தியா?"

"பாக்கல. மாசிமா சொன்னாங்க." மாசிமா எங்கள் வீட்டுச் சொந்தக்காரப் பெரியம்மா.

"மாசிமா பாத்தாங்களா?"

"அவங்களும் பாக்கல. அழுகச் சத்தம் கேட்டுதாம்."

"சரி, அழுக கேட்டுச்சு. அத்தோட நிறுத்து கண்ணு."

நான் கோபித்துக்கொண்டு இறங்கி வந்தேன். வாசலில் அந்தப் பெண் ஒரு கையில் கீரைக்கட்டும் இன்னொரு கையில் பல்வலிக்குக் கட்டிய தாடையுமாக நின்று, "காக்கிமா, ஒரு கிராம்பு இருக்குமா?" என்று பெங்காலியில் சித்தி முறை வைத்துக் கேட்டாள். கிராம்பைக் கொடுத்துவிட்டு நானும் என் வாயை மூடிக்கொண்டேன், ஒரு வாரத்துக்கு.

"பாத்தியா, நெனச்சியா?" இதுதான் அக்காவின் கேள்வி. எதைச் சொன்னாலும் இதைக் கேட்பார். இதைக் கேட்கிறவரோடு குடும்பம் நடத்துவது கஷ்டம் என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். அதோடு கறிவேப்பிலை கேட்பதும் குறைந்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு பைத்தியம். பறக்கிற பறவையைக் கடற்கரையில் போட்டோ எடுப்பது. குளிர்காலம் வந்தால் சனிக்கிழமை விடியுமுன் காமிராப் பையைத் தூக்கிக்கொண்டு, தெற்கே கடலோரத்தில் இருக்கிற பக்காலிக்கு பஸ் ஏறிவிடுவார். நான் அதில் மாட்டியது என் பக்தியால். கங்கை கடலில் சேருகிற கங்காசாகரில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பயந்தவர். அக்கா அந்தத் திசையில்தான் போகிறார் என்று தெரிந்ததும், புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வழியில் நாம்கானாவில் ஆறு குறுக்கே வந்தது. பஸ்ஸையே படகில் ஏற்றினார்கள். உள்ளே உட்கார்ந்து "முருகா, முருகா" என்று நான் போட்ட சத்தத்தில் முன்சீட்டு வாத்து ஒன்று கூடையை விட்டு எழுந்து நின்றது. அக்கரை சேர்ந்து, கடலைப் பார்த்ததும் முதல் வேலையாக மூன்று முழுக்குப் போட்டு, கரையேறி, திசைக்கொரு கும்பிடும் போட்டேன்.

"என்ன கண்ணு, இத்தன குளிர்ல?"

"சாகர் முழுக்கு அக்கா. இனி ஜென்மம் இல்ல."

"இது பக்காலி. சாகர் வேற தீவு, அக்கட்டால கெடக்குது."

ஈரச்சேலையைப் பிழிந்தேன். "கடல் ஒண்ணுதானக்கா?" என்றேன்.

"தண்ணி ஒண்ணுதான். பேரு வேற" என்று சொல்லிவிட்டு, தன் போர்வையை எடுத்து என் மேல் போட்டார். அப்போதும் இதுவும் சாகர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடுங்கினேன்.

அதற்குப் பிறகும் ஏழெட்டுக் குளிர்காலம் அவரோடு போனேன். வேலை என்னவோ குடை பிடிப்பது. வெயிலும் உப்புச்சாரலும் காமிராவில் படக் கூடாது. பிலிம் ரோல் மாற்றும்போது நிழல் வேண்டும். கோயில் உற்சவத்தில் சாமிக்குக் குடை பிடிக்கிறவர்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். எனக்கு வாய்த்த சாமி ஒரு காமிரா.

அந்த லென்ஸ் ஒரு முழ நீளம், மாவுத்தூக்குக் கனம். ஆலா என்று ஒரு வெள்ளைப் பறவை உண்டு, புறாவைவிட மெலிவு, கத்தரிக்கோல் மாதிரி வால். அது அலைக்கு மேலே வரும்போது அக்கா காலை அகட்டி நின்று, லென்ஸை அதன் மேல் வைத்து, அது போகிற வேகத்துக்கு இடுப்பைத் திருப்பிக்கொண்டே போவார். ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது உடம்பு திரும்புமே, அப்படி. திரும்புகிற திரும்பலிலேயே பட்டனை அழுத்துவார். அழுத்திய பிறகும் நிறுத்த மாட்டார். "நின்னா போச்சு கண்ணு. அதுகூடவே போகோணும்." குடையோடு நானும் அவர் பின்னால் சுற்றுவேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் பிரதட்சிணம் என்று நினைத்திருப்பார்கள்.

மணலில் உட்கார்ந்திருக்கிற பறவையை அவர் எடுக்க மாட்டார். "உக்காந்திருக்கறத எடுக்க ஸ்டுடியோ இருக்குதல்ல?" ஒரு தடவை சுற்றுலா வந்த பையன்கள் சிலர், தீதிக்கு, அதாவது அக்காவுக்கு, உதவி செய்கிறோம் என்று கையைத் தட்டி ஓடிப்போய், கூட்டமாக உட்கார்ந்திருந்த ஆலாக்களை எழுப்பிவிட்டார்கள். வானம் வெள்ளையாகிவிட்டது. நான் குடையைச் சுருக்கி, "எடுங்கக்கா, எடுங்க" என்று குதித்தேன். அக்கா லென்ஸைத் தாழ்த்திவிட்டார்.

"ஏங்க்கா? பறக்குதுல்லா?"

"பயந்து ஓடுது கண்ணு. பறக்கறதுன்னு எப்படி எழுதுவேன்?"

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவர் ஒரு வரி எழுதுவார். என்ன பறவை, என்ன செய்துகொண்டிருந்தது. அடையாளம் பிடிபடாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுவார். மேல்வீட்டு அலமாரியில் தெரியவில்லை என்ற கட்டுதான் எல்லாவற்றையும்விடத் தடிமன். நானாக இருந்தால் பாதிக்குக் கொக்கு, பாதிக்கு நாரை என்று எழுதி முடித்திருப்பேன். ஒரே ஒரு நாள் காமிராவை என் கையில் கொடுத்தார். ஒரு கடற்காகத்தைக் குறிவைத்து, மூச்சைப் பிடித்து, சஷ்டி விரதம்போல மனதை ஒருமைப்படுத்தி அழுத்தினேன். படம் கழுவி வந்ததும் ஆசையாக வாங்கிப் பார்த்தேன். பின்னால் அக்கா எழுதியிருந்தது: "பெருவிரல், இடது கை. பறக்கவில்லை."

கருடனை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். பக்கத்து மீன்பிடித் துறையில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். நாங்கள் சைவம். மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு, இது என்ன கர்மம் என்று நின்றுகொண்டிருந்தேன். செம்மண் நிறச் சிறகும் வெள்ளைத் தலையுமாக ஒரு பறவை தலைக்கு மேலே வந்தது.

"கருடன்" என்றார் அக்கா. "செம்பருந்துன்னும் சொல்வாங்க. வாலப் பாரு, விசிறியாட்டம் வட்டமா இருக்கும். பருந்துக்கு வால் நடுவுல பிளந்திருக்கும். தூரத்துல நிறம் ஏமாத்தும், வால் ஏமாத்தாது."

எனக்கு வாலாவது ஒன்றாவது. பெருமாள் ஏறிவருகிற கருடன். மூக்கை விட்டேன், முந்தானையை விட்டேன், குடையையும் விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். குடை லென்ஸின் மேல் விழுந்தது. நான் கண்ணைத் திறந்தபோது கருடாழ்வார் ஒரு காக்காயோடு மீன்குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றேன். அன்றைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கருடனைக் கண்டால் கை தானாக மேலே போகும், குடை கீழே போகும். நான் கும்பிட்டுக் கெடுத்த படங்கள் ஒரு கட்டு சேர்ந்தன. ஒருமுறைகூட அக்கா கும்பிடாதே என்று சொன்னதில்லை. குடைக்கு ஒரு கயிறு வாங்கி என் இடுப்பில் கட்டிவிட்டார்.

இப்படியிருக்கும்போது எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. தெற்குக் கல்கத்தாவில் நம் தமிழ்க்காரர்கள் கைக்காசு போட்டுக் கட்டிய சின்ன முருகன் கோயில். கலசத்தில் தண்ணீர் விடும் நேரத்தில் கருடன் வட்டமிட வேண்டும். அப்போதுதான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும். கமிட்டித் தலைவர் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். விழா மலர் ஒன்று போடுகிறோம், அதில் கருடன் படம் வர வேண்டும், பறக்கிற பறவையை எடுக்க உங்கள் மேல்வீட்டு அம்மாளை விட்டால் யார் என்று என்னிடம் வந்து கேட்டார். என்னை ஒரு பெரிய மனிதர் தேடி வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் கூட்டிட்டு வாரேன்" என்று அக்காவைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தேன். அக்கா மறுக்கவில்லை. "வந்தா எடுக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று காலை எதிர்க்கட்டட மொட்டை மாடியில் அக்காவும் நானும். கீழே கூட்டத்தின் முன்வரிசையில் என் வீட்டுக்காரர். தீர்த்தம் தெறிக்கும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. குருக்கள் குடத்தோடு மேலே நிற்கிறார். வானத்தில் ஒன்றையும் காணோம். எல்லார் கழுத்தும் அண்ணாந்தபடி.

தெற்கே மரங்களுக்கு மேலிருந்து ஒரு பறவை எழும்பி வந்தது. "கருடன், அந்தா கருடன்" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. என் வீட்டுக்காரர் குரல். வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வதற்குக்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மனிதர், அவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்திருந்தாரோ. கூட்டம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. மேளம் உச்சத்துக்குப் போனது. குடம் சாய்ந்தது. என் கை மேலே போனது. குடை கயிற்றில் தொங்கியது.

அக்கா லென்ஸோடு திரும்பிக்கொண்டே, "கண்ணு, வாலப் பாரு" என்றார்.

பார்த்தேன். பிளந்திருந்தது. கல்கத்தாவில் கசாப்புக் கடைக்கு மேலே நித்தமும் சுற்றுகிற சாதாரணப் பருந்து.

தூக்கிய கையை இறக்குவதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியவில்லை. காது உயரத்தில் பாதியில் நின்றது. "என்னக்கா செய்ய?"

"கும்பிடோணும்னா கும்பிடு. பேர மட்டும் மாத்தாத" என்றார் அக்கா. காமிரா இன்னும் கண்ணில்தான் இருந்தது. பிறகு லென்ஸைத் தாழ்த்திக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

கீழே என் வீட்டுக்காரருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கருடனை முதலில் கண்டவர் என்று தலைவரே கட்டினார். இரண்டு நாள் அந்தத் துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்.

படம் கழுவி வந்த அன்றைக்குத் தலைவர் மாடியேறினார். நான் காப்பியோடு பின்னால் போனேன். படத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அக்கா பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "பருந்து. கோபுரத்துக்கு மேலே."

"மேடம், கருடனும் பருந்தும் ஒரே இனம்தானே?"

"செக்குல மகன் கையெழுத்துப் போட்டிருந்தா, அப்பனும் மகனும் ஒரே குடும்பம்னு நான் பாஸ் பண்ண முடியுங்களா?"

"நன்கொடை கொடுத்தவங்க மனசு என்ன பாடுபடும்?"

"பருந்துன்னு போட்டுப் போடுங்க. படம் சும்மாவே தர்றேன்."

தலைவர் காப்பியைத் தொடவில்லை. "அப்ப படமே வேண்டாம். வெளியே மட்டும் சொல்லிடாதீங்க."

"கேக்காட்டி சொல்ல மாட்டேனுங்க. கேட்டா பருந்துதான்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் யாரோ கேட்டு, அக்கா பருந்து என்று சொல்லி, கோயிலில் பேச்சு மாறிவிட்டது. தனியாக இருக்கிற பொம்பளை, சாமி நம்பிக்கை கிடையாது, வாயில் நல்ல வார்த்தை வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் சுண்டல் என்னைத் தாண்டிப் போனது. வீட்டில் அதைவிட மோசம்.

"ஏட்டி, உங்க அக்கா சொன்னா கருடன் பருந்தாயிருமோ?" என்றார் என் வீட்டுக்காரர். "இத்தன வருஷம் இந்த ஊர்ல மூட்ட எண்ணிருக்கேன். ஒருத்தன் எனக்கு ஒரு துண்டு போட்டிருக்கானா? போட்ட ஒண்ணையும் உருவப் பாக்காளே."

"அவங்க உங்கள ஒண்ணும் சொல்லலிய."

"நீ பாத்தியா? நீயும் மேலதான நின்ன. நீ சொல்லு, அது கருடனா இல்லியா?"

எனக்கு அக்காவும் வேண்டும், இந்த மனிதரும் வேண்டும், முருகனும் வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. "வாலு பிளந்திருந்துச்சு" என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். இனி மேலே போகாதே என்று வாசல்படியில் நின்று சொன்னார்.

போகவில்லை. குளிர்காலச் சனிக்கிழமைகள் இரண்டு வந்து போயின. விடியுமுன் அக்கா தனியாக இறங்கிப்போகிற செருப்புச் சத்தம் கேட்டது. குடை என் வீட்டு ஆணியில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரர் தானாகவே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாடியேறினார். சண்டையாகிவிடுமோ என்று பயந்து நானும் பின்னால் போய்ப் படியில் நின்றேன்.

"அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார்.

அக்கா படத்தையும் பூதக்கண்ணாடியையும் மேசையில் வைத்தார். இவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். மூட்டை எண்ணுகிறவர், அவருக்கும் கண் உண்டு, கண்ணாடி போட்டால்.

"பிளந்துதான் இருக்கு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா இன்னொரு படத்தை எடுத்து வைத்தார். "அன்னிக்குக் கடைசியா எடுத்ததுங்க. அந்த லென்ஸுல கூட்டம் அடங்காது. ஒரு மொகந்தான் அடங்கும்."

என் வீட்டுக்காரரின் முகம். கை தலைக்கு மேலே. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கண்ணில் நீர் நிற்கிறது. ஓரத்தில் தலைவரின் அரைக்காதும் அரை மீசையும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை என்று அவர் பார்த்த விதத்தில் தெரிந்தது.

படத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "ஒண்ணும் எழுதலியே?"

"நீங்களே சொல்லுங்க. என்னன்னு எழுதட்டும்?"

படத்தை மறுபடியும் திருப்பி முகத்தைப் பார்த்துவிட்டு, "கும்பிடுகிறவர்னு எழுதுங்க" என்றார். "அது பொய்யில்லையே?"

"இல்லீங்க" என்றார் அக்கா. "அத நானே பாத்தேனுங்க."

அக்காவின் கட்டுகளில் பறக்காத படம் என் பெருவிரலுக்கு அடுத்து அது ஒன்றுதான். மலரில் அதையே போட்டார்கள். ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று என் வீட்டுக்காரரே அச்சகத்துக்குப் போய் நின்று, கும்பிடுகிறவர் என்று போட வைத்தார். தன் மீசை பாதியில் நிற்கிறது என்று தலைவருக்குக் கடைசிவரை வருத்தம். அடுத்த சனிக்கிழமை நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "புளியோதரையில கடலை போட்டிருக்கியா? அவங்களுக்குப் பிடிக்கும்லா" என்று மட்டும் கேட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. அக்கா ஓய்வுபெற்று ஊருக்குப் போன பிறகு, மலரைப் பார்த்த புதியவர்கள் கருடன் படம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு பதில் தானாக முளைத்தது. கருடன் வந்தது, மூன்று முறை சுற்றியது, அந்த அம்மாள் எடுத்தார், ஆனால் தெய்வப் பறவையின் ஒளி பிலிமில் விழவில்லை. பிலிமைக் கழுவிப் பார்த்தால் பக்தரின் முகம் மட்டும் இருந்தது. என் வீட்டுக்காரர் கேட்டவர்களிடமெல்லாம், "பருந்துய்யா. நான் கண்ணாடி போடாம பாத்தேன்" என்றார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அவர் காலில் விழுந்தார்கள்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்து அக்காவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். அங்கே கடல் இல்லை, குளத்து மேட்டில் நின்று எடுக்கிறேன் என்றார். பிறகு, "நீ பாத்தியா கண்ணு?" என்றார்.

"பாத்தேங்க்கா."

"அப்ப நீ சொல்லு."

சரி என்றேன். சொன்னேனே தவிர, பருப்பு வெந்துகொண்டே இருந்தது. போன மாசம் அக்கா போய்விட்டார் என்று சேதி வந்தது. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை யாரிடமாவது சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். பக்காலியில் முழுகியதைச் சாகர் ஆக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் கண்ணீர் விட்டதைக் குறைக்க வேண்டாம். பறவை மூன்று சுற்றுச் சுற்றவில்லை. ஒரு சுற்றுதான், பிறகு மீன் மார்க்கெட் பக்கம் போய்விட்டது. என்னைப் பற்றி எழுதிய அசட்டுத்தனத்தையும் அப்படியே சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. அந்த வாலை மட்டும் வட்டமாக்கிவிடாதீர்கள்.